ஒடிந்த ஸ்டீயரிங் பாகம்: பற்றவைப்பதா, மாற்றுவதா?

பழைய பிக்கப் டிரக்குகளின் ஸ்டீயரிங்கை மாற்றியமைப்பது அமெரிக்காவில் பல பத்தாண்டுகளாக நடந்துவரும் வேலை. கைப்பலத்தால் திருப்பும் பெட்டியைக் கழற்றிவிட்டு ஹைட்ராலிக் பவர் ஸ்டீயரிங் பெட்டி வைக்கிறார்கள். முன்சக்கரங்களை இணைக்கும் மெலிந்த டை ராடுக்குப் பதில் தடித்ததைப் போடுகிறார்கள். சில வண்டிகளில் இணைப்புத் தண்டுகளின் அமைப்பையே மாற்றிவிடுகிறார்கள். இருபது, முப்பது ஆண்டுத் துருவில் இறுகிப்போன பாகங்கள் இந்த வேலையின்போது கழன்று வருவதற்குப் பதிலாக ஒடிந்து வருவதும் உண்டு. சக்கரத்தைத் தாங்கித் திருப்பும் நக்கிளின் காது உடையும். மரைத்தண்டான ஸ்டட் பாதியில் முறியும். பெட்டியின் மரை சிதையும்.

உடைந்ததைச் சரிசெய்து மீண்டும் மாட்டலாமா, கூடாதா? மோட்டார் வண்டிக்கு முன்பே, நீராவி எஞ்சின் காலத்திலேயே வார்ப்பிரும்பை உடைத்துக்கொண்டவர்கள் கேட்ட கேள்விதான் இது. அன்றுமுதல் பல பதில்கள் வந்திருக்கின்றன. சட்டமும் வண்டித் தயாரிப்பாளர்களும் மாற்று என்கிறார்கள். முறையாகச் செய்தால் தாங்கும் என்கிறார் வெல்டிங் தெரிந்தவர். நெருப்பே வேண்டாம், மரையும் பூட்டும் போதும் என்கிறது இன்னொரு மரபு. பழைய இரும்புக் கடையில் அதே பாகம் கிடைக்குமே என்கிறது மற்றொன்று. ஒவ்வொரு பதிலும் ஒவ்வொரு சூழலில் பிறந்தது. அந்தச் சூழலைத் தாண்டிப் பயன்படுத்தும்போது அதன் பலவீனம் தெரிகிறது.

விவாதம் பெரும்பாலும் ஒட்டின் வலுவைச் சுற்றியே நடக்கிறது. அதற்கு முன்னால் கேட்க வேண்டியவை இரண்டு என்பது இக்கட்டுரையின் நிலை. அந்த இடம் மறுபடி விட்டுப்போனால் வண்டியின் கட்டுப்பாடு போகுமா? செய்த பழுதுவேலை சரியாக அமைந்திருக்கிறது என்பதை ஓட்டிப் பார்க்காமல் வேறு வழியில் சோதிக்க முடியுமா?

எது ஒடிகிறது, எதனால்

பவர் ஸ்டீயரிங்கின் தொடக்கமே டிரக்கோடு பிணைந்தது. பியர்ஸ்-ஆரோ நிறுவனத்தின் டிரக் பிரிவில் பொறியாளராக இருந்த பிரான்சிஸ் டேவிஸ், கனமான வண்டிகளைத் திருப்புவதற்கு ஓட்டுநர் படும் பாட்டைப் பார்த்து ஹைட்ராலிக் உதவியில் இறங்கினார். 1926-இல் அதை ஒரு காரில் பொருத்திச் செய்துகாட்டினார். செலவு கருதிக் கார் நிறுவனங்கள் நீண்ட காலம் தயங்கின. இரண்டாம் உலகப் போரின்போது ராணுவ வண்டிகளில் அது பயன்பட்டது. 1951-இல் கிரைஸ்லர் இம்பீரியல் காரில்தான் பொதுமக்களுக்கு விற்பனைக்கு வந்தது. ஆகவே அதற்குப் பிறகும் வெகுகாலம் கைப்பல ஸ்டீயரிங்கோடு விற்ற பிக்கப்கள் ஏராளம். அவற்றுக்குப் பின்னாளில் பவர் பெட்டி பொருத்துவது இயல்பான ஆசையானது.

ஸ்டீயரிங்கை மாற்றியமைப்பதற்கு இரண்டாவது காரணம் இணைப்பு அமைப்பு. 1979 முதல் 1985 வரை அமெரிக்காவில் விற்ற டொயோட்டா நான்கு சக்கர இயக்க பிக்கப்பில் முன்பக்கம் ஒரே தண்டான ஆக்ஸிலும் இலைப் பட்டைகளும் இருந்தன. ஸ்டீயரிங் பெட்டியின் தண்டில் மாட்டிய பிட்மேன் ஆர்மிலிருந்து டிராக் லிங்க் என்னும் தண்டு வண்டியின் நீளவாக்கில் சென்று ஒரு பக்க நக்கிளைத் தள்ளும், இழுக்கும். ஆக்ஸில் மேலும் கீழும் போகும்போது சக்கரம் தானாகத் திரும்பிக்கொள்வது இதன் குறை. பட்டையை உயர்த்தினால் குறை இன்னும் கூடும். எனவே 1986-இல் தனித்தனி முன் சஸ்பென்ஷனோடு வந்த அடுத்த மாடலின் ஸ்டீயரிங் பெட்டியை எடுத்து, லிங்கைக் குறுக்குவாக்கில் மறுபக்கச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் மாற்றம் பரவலானது. 2003 முதல் 2008 வரையான ராம் 2500, 3500 நான்கு சக்கர இயக்க வண்டிகளில் இருந்த ஒய் வடிவ இணைப்பைக் கழற்றிவிட்டு, பின்னால் வந்த டி வடிவ இணைப்பை மாட்டுவதும் இதே வகை.

இந்த வேலைகளில் ஒடிவதற்கென்றே சில இடங்கள் உண்டு. முதலாவது கூம்பு இணைப்புகள். டை ராடின் பால் ஜாயின்ட் ஊசி கூம்பு வடிவில் நக்கிளின் துளைக்குள் அமர்ந்திருக்கும். பல அமெரிக்க வண்டிகளில் அந்தக் கூம்பின் சரிவு எட்டுக்கு ஒன்று. நட்டை இறுக்க இறுக்க அது ஆப்புபோல் உள்ளே பதியும். நட்டைக் கழற்றிய பிறகும் விடாது. இழுத்துக் கழற்றும் புல்லர் வைக்காமல் சம்மட்டியால் அடிப்பவர், அடி தவறினால் நக்கிளின் காதையே உடைக்கிறார். அடுத்தது பிட்மேன் ஆர்ம். பல ஜிஎம் வண்டிகளில் அதன் நட்டை ஏறக்குறைய 250 நியூட்டன் மீட்டர் அளவுக்கு இறுக்குகிறார்கள். அதன் உட்பற்கள் தண்டின் கூம்பில் ஆண்டுக்கணக்கில் கடித்து நிற்பதால் மலிவான புல்லரே சில நேரம் விரிந்து முறியும். மூன்றாவது பெட்டியின் ஹோஸ் வாய். ஜிஎம்மின் சாகினா பிரிவு தயாரித்த பவர் பெட்டிகளில் 1980 வாக்கில் மரை மாறியது: அதற்கு முந்தையவை அங்குல மரையும் விரிந்த குழாய் முனையும் கொண்டவை, பிந்தையவை மெட்ரிக் மரையும் ஓ-ரிங்கும் கொண்டவை. பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் இவற்றை மாற்றிப் போட்டு இறுக்கினால் பெட்டியின் வாய் மரை போய்விடும். நான்காவது, பெட்டி சட்டகத்தில் சமமாக அமராத நிலையில் போல்ட்டை முறுக்குவதால் கீறல் விடும் காது.

இவை எல்லாம் ஒரே வகைச் சேதம் அல்ல. உலோகமும் வேறு, வேலையும் வேறு. பதில் சொல்பவர்கள் பலரும் இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் ஒரே தீர்ப்பை எல்லாவற்றுக்கும் சொல்லிவிடுகிறார்கள்.

மாற்று என்னும் பதில்

மிகத் தெளிவான பதில் இதுதான். இதற்குச் சட்டத்தின் துணையும் உண்டு. அமெரிக்கக் கூட்டாட்சி விதித்தொகுப்பின் 49-ஆம் பிரிவு, 393.209 விதி, வணிக வண்டிகளின் ஸ்டீயரிங் பற்றிப் பேசுகிறது. யுனிவர்சல் ஜாயின்ட்களும் பந்து-குழி இணைப்புகளும் தேய்ந்தோ பழுதாகியோ வெல்டிங்கால் சரிசெய்யப்பட்டோ இருக்கக் கூடாது. ஸ்டீயரிங் பெட்டியின் பொருத்து போல்ட் தளர்ந்தோ இல்லாமலோ இருக்கக் கூடாது. பெட்டியிலும் அதைத் தாங்கும் பிராக்கெட்டிலும் கீறல் கூடாது. ஆண்டுச் சோதனைக்கான அளவுகோல் இன்னும் கறாரானது: ஸ்டீயரிங் தண்டுக் கம்பம் நீங்கலாக முன் ஆக்ஸிலிலோ ஸ்டீயரிங் பாகங்களிலோ கீறல் இருந்தாலும், வெல்டிங் செய்து சரிசெய்த தடம் வெளிப்படையாகத் தெரிந்தாலும் வண்டி தேறாது.

இந்தக் கண்டிப்புக்குக் காரணம் எளிது. பிரேக்கில் ஒரு சக்கரத்தின் குழாய் போனால் இன்னொரு சுற்று இருக்கிறது. எஞ்சின் நின்றால் வண்டி நிற்கும். டிராக் லிங்கோ பிட்மேன் ஆர்மோ விட்டுப்போனால் பதிலாள் கிடையாது. நெடுஞ்சாலை வேகத்தில் ஓட்டுநரின் கையில் இருப்பது வெறும் வளையம். அப்படிப்பட்ட இடத்தில் பட்டறைக்காரரின் திறமையை நம்பி விதி எழுத முடியாது என்று சட்டம் முடிவு செய்தது; அந்த முடிவில் குறை காண்பது கடினம்.

ஆனாலும் இந்தப் பதிலுக்கு எல்லைகள் உண்டு. அந்த விதி வணிக வண்டிக்கானது. வீட்டில் சொந்த உபயோகத்துக்கு நிற்கும் பிக்கப்பை அது நேரடியாகத் தொடுவதில்லை. அடுத்து, சோதகரின் கண்ணுக்குத் தெரிகிற பழுதுவேலையை மட்டுமே அது பிடிக்கும்; அரைத்து, வழித்து, பெயின்ட் அடித்த ஒட்டு தப்பிவிடும். மூன்றாவதுதான் நடைமுறையில் பெரியது: நாற்பது ஆண்டுப் பழைய வண்டிக்குத் தயாரிப்பாளர் பாகம் தருவதை நிறுத்திப் பல காலம் ஆகியிருக்கும். மாற்று என்று சொல்பவர் எதைக்கொண்டு மாற்றுவது என்பதற்கும் பதில் வைத்திருக்க வேண்டும். பிற நிறுவனங்களின் நகல் பாகம் புதிது என்பதாலேயே பழையதைவிட நல்லது என்று கொள்ள முடியாது. வார்ப்பின் உட்குறையும் தவறான வெப்பப் பதமும் வெளியில் தெரியாது.

வெல்டிங்கின் வாதம்

வெல்டிங்கை ஆதரிப்பவர்களின் நம்பிக்கை வெறும் அடம் அல்ல. அதற்கு வரலாறு உண்டு. அதன் மிகப் பெரிய அத்தியாயம் 1917-இல் எழுதப்பட்டது. அமெரிக்கா முதல் உலகப் போரில் நுழைந்தபோது அதன் துறைமுகங்களில் முடங்கிக் கிடந்த ஜெர்மானியக் கப்பல்கள் ஏராளம். அவற்றைக் கைப்பற்றிய அமெரிக்கக் கடற்படை, பல கப்பல்களின் எஞ்சின் சிலிண்டர்களை மாலுமிகள் சம்மட்டியால் உடைத்துவிட்டுப் போயிருப்பதைக் கண்டது. புதிய சிலிண்டர் வார்த்துப் பொருத்துவதென்றால் காலம் நீளும். நியூயார்க் கடற்படைத் தளத்தின் பொறியாளர் இ. பி. ஜெசப் உள்ளிட்டோர் வார்ப்பிரும்பை மின் வெல்டிங்கால் ஒட்டும் வழியைக் கையிலெடுத்தார்கள். ரயில் எஞ்சின் பட்டறைகளில் ஏற்கெனவே பழக்கத்தில் இருந்த முறை அது. சில மாதங்களில் கப்பல்கள் படைகளை ஏற்றிக்கொண்டு அட்லாண்டிக்கைக் கடந்தன. வார்ப்பிரும்பை ஒட்ட முடியாது என்ற பழைய நம்பிக்கை அன்று ஆட்டம் கண்டது.

இதன்பின் உலோகவியல் வளர்ந்தது. சாம்பல் வார்ப்பிரும்பில் கரிமம் சுமார் 2.5 முதல் 4 சதவீதம் வரை இருக்கும்; அதில் பெரும்பகுதி கிராஃபைட் செதில்களாகப் படிந்திருக்கும். வெல்டிங்கில் உருகிச் சட்டென ஆறும்போது ஒட்டுக்குப் பக்கத்து விளிம்பில் கரிமம் கடினமான, நொறுங்கும் அமைப்பாக மாறுகிறது. அங்கேதான் கீறல் விடும். இதற்கு இரண்டு தீர்வுகள் உருவாயின. ஒன்று, வார்ப்பு முழுவதையும் சில நூறு டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றி, ஒட்டி, மணலிலோ சாம்பலிலோ மூடி மெதுவாக ஆறவிடுவது. மற்றொன்று, கை பொறுக்கும் சூட்டைத் தாண்டாமல், நிக்கல் ராடால் சுமார் 25 மில்லிமீட்டர் நீளத் துண்டுகளாக வைத்து, ஒவ்வொன்றையும் சூடு ஆறுமுன் சுத்தியால் தட்டி இழுவிசையைத் தணிப்பது. கிட்டத்தட்ட முழு நிக்கலான ராடும், நிக்கல் 55 சதவீதம் இருக்கும் ராடும் இதற்கென்றே விற்கின்றன. அமெரிக்க வெல்டிங் சங்கம் டி11.2 என்ற வழிகாட்டியே வெளியிட்டிருக்கிறது. அடிப்படை இரும்பை உருக்காமல் வெண்கலத்தை மட்டும் உருக்கிப் பற்றவைக்கும் முறையும் நிலைத்து நின்றது. ஆனால் பல ஆண்டு எண்ணெய் ஊறிய வார்ப்பில் வெண்கலம் சரியாகப் பிடிப்பதில்லை.

இவ்வளவும் உண்மை. ஆனால் ஸ்டீயரிங் பாகத்துக்கு இதை அப்படியே பொருத்தும்போது மூன்று இடங்களில் வாதம் தளர்கிறது.

முதலாவது, எந்த உலோகம் என்பதே தெரியாமல் வேலை தொடங்குவது. 1943-இல் இன்கோ என்னும் நிக்கல் நிறுவனத்தின் ஆய்வகத்தில் கீத் மில்லிஸ் மக்னீசியம் சேர்த்து கிராஃபைட்டைச் செதிலாக இல்லாமல் உருண்டையாகப் படியவைக்கும் வழியைக் கண்டார். 1948-இல் அது உலகுக்கு அறிவிக்கப்பட்டது. வளைந்துகொடுக்கும் இந்த வார்ப்பிரும்பு பிறகு நக்கிள் போன்ற பாகங்களில் பரவியது. அதன் மதிப்பே அந்த உருண்டைகளில்தான் இருக்கிறது. வெல்டிங் உருக்கிய இடத்தில் அவை தொலைந்துபோகின்றன. பிட்மேன் ஆர்மும் பல ஸ்டீயரிங் ஆர்ம்களும் வார்ப்பே அல்ல. அடித்து உருவாக்கி, நனைத்துப் பதமிட்ட எஃகு. சூடேற்றாமல் அதைப் பற்றவைத்தால் ஒட்டின் ஓரம் நொறுங்கும் தன்மை பெறும். சற்றுத் தள்ளியுள்ள பகுதி பதம் இழந்து மென்மையாகும். ஈரமான ராடிலிருந்து ஹைட்ரஜன் உள்ளே புகுந்தால் ஒன்றிரண்டு நாள் கழித்தும் கீறல் விடும். மாலையில் பார்த்துத் தட்டி நல்லது என்று சொன்ன ஒட்டு, மறுநாள் அதே நிலையில் இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

இரண்டாவது, சூடேற்றும் முறைக்குப் பெட்டி இடம் தருவதில்லை. ஸ்டீயரிங் பெட்டியின் உட்துளை நுட்பமாகக் கடைந்தது. உள்ளே கடினமாக்கிய பந்துப் பாதைகளும் சீல்களும் உண்டு. எல்லாவற்றையும் பிரித்து எடுத்தாலும், கூட்டைப் பல நூறு டிகிரிக்கு ஏற்றி இறக்கினால் துளை தன் அளவில் நிற்கும் என்று நம்ப முடியாது. எனவே சூடு குறைந்த முறைதான் மிஞ்சும். கடினமான விளிம்பை விட்டுச் செல்வதும் அந்த முறைதான்.

மூன்றாவதுதான் தீர்க்கமானது. கப்பல் சிலிண்டரும் நக்கிளும் சுமக்கும் பாரம் ஒரே மாதிரியானதல்ல. சிலிண்டரின் அழுத்தம் அறிந்த அளவு. ஒட்டில் நீராவி கசிந்தால் பக்கத்தில் நிற்கும் பொறியாளருக்குத் தெரியும். நக்கிளின் காதில் விசை ஒவ்வொரு குழிக்கும் திசை மாறுகிறது. விரிசல் வளர்வதைப் பார்க்க யாரும் அங்கே இல்லை. 1850, 60களில் பிரஷ்ய ரயில்வேயின் அகஸ்ட் வோலர் ரயில் அச்சுகளை ஆராய்ந்து, ஒரு தடவையில் தாங்கும் பாரத்தைவிட மிகக் குறைந்த பாரமே திரும்பத் திரும்ப வந்தால் இரும்பை முறித்துவிடும் என்று காட்டினார். இந்த உலோக அயர்ச்சியில் வெல்டிங் ஒட்டு ஒரு தனிக் குறையோடு நிற்கிறது: எவ்வளவு உயர்தர எஃகு எடுத்தாலும், ஒட்டின் ஓரத்தில் உள்ள நுண்ணிய வெட்டுப் போன்ற வடிவம் காரணமாக ஒட்டின் அயர்ச்சி வலு அதற்கேற்ப உயர்வதில்லை. இழுத்துப் பார்த்தால் தாய் உலோகத்துக்கு நிகராக நிற்கும் ஒட்டு, லட்சக்கணக்கான சிறு ஆட்டங்களில் அதற்கு வெகு முன்பே விட்டுவிடலாம். ஒட்டின் வலுவைப் பற்றி வாதாடும் பலர் மனத்தில் வைத்திருப்பது முதல் வகைச் சோதனையைத்தான்.

இதற்கு எதிர்வாதமும் உண்டு. அதை ஒதுக்கக் கூடாது. தொழிற்சாலையிலிருந்து வரும் ஸ்டீயரிங் தண்டுகளிலும் வெல்டிங் இருக்கிறதே, மேம்பாட்டுக்காக விற்கும் பல இணைப்புத் தண்டுகள் குழாயையும் மரைத் துண்டையும் பற்றவைத்துச் செய்தவையே என்பார்கள். சரிதான். சட்டம் தடுப்பதும் வெல்டிங்கை அல்ல, வெல்டிங்கால் செய்த பழுதுவேலையை. முன்கூட்டியே திட்டமிட்ட ஒட்டு விசை குறைந்த இடத்தில், தெரிந்த உலோகத்தில், சோதித்த முறையில் அமைகிறது. ஒடிந்த இடத்து ஒட்டோ, எங்கே விசை அதிகமோ அங்கேயே அமைகிறது.

நெருப்பில்லாத வழிகள்

ஆகவேதான் குளிர்முறைப் பழுதுவேலை தனிக் கவனத்துக்கு உரியது. உடைந்தது பாகமா, பாகத்தைப் பிடித்திருக்கும் மரையா என்று பிரித்துப் பார்த்தால், மேம்பாட்டு வேலையில் நேரும் சேதத்தில் கணிசமான பங்கு இரண்டாவது வகை என்பது தெரியும். அந்த வகையில் இந்த மரபின் பதில் மற்றவற்றைவிட உறுதியாக நிற்கிறது.

டொயோட்டா நக்கிளையே எடுத்துக்கொள்வோம். அதில் ஆர்மை நான்கு ஸ்டட்கள் பிடிக்கின்றன. பிளவுபட்ட கூம்பு வாஷர்கள் ஒவ்வொரு ஸ்டட்டையும் மையத்தில் இருத்துகின்றன. அதே ஆர்ம் நக்கிளின் சுழல் பேரிங்கையும் தாங்குவதால் அந்த நான்கு ஸ்டட்களின் வேலை இருமடங்கு. குறுக்கு இணைப்புக்கு மாறுபவர் பழைய ஆர்மை எடுத்துப் புதிய உயர் ஆர்மை வைக்க வேண்டும். கூம்பு வாஷர்கள் துருவில் பிடித்திருக்கும். ஆர்மைப் பித்தளைத் துண்டால் பக்கவாட்டில் தட்டினால் மெல்லத் துள்ளி வெளியே வரும். பொறுமை இழந்து இரும்புச் சுத்தியலால் ஸ்டட்டின் தலையில் அடித்தால் மரை நசுங்கும். பிறகு நட்டை முறுக்கும்போது ஸ்டட் முறியும், அல்லது நக்கிளின் உள் மரையைப் பெயர்த்துக்கொண்டு வரும்.

முறிந்த ஸ்டட் வெளியே கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்தால் அதன்மேல் ஒரு நட்டை வைத்து உள்ளே வெல்டிங் செய்து திருப்பும் முறை நன்கு அறியப்பட்டது. இங்கே வெல்டிங் எறியப்போகும் ஸ்டட்டில்தான் விழுகிறது. அதன் சூடு துருவை உடைக்கிறது. நெருப்பு சரியான இடத்தில் பயன்படுவதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. ஸ்டட் மட்டத்தோடு முறிந்திருந்தால் நடுப்புள்ளி குத்தி, இடப்பக்கம் சுழலும் டிரில் பிட்டால் துளையிட வேண்டும். பல நேரங்களில் துளையிடும்போதே துண்டு சுழன்று வந்துவிடும். வரவில்லை என்றால் துளைக்குள் கடித்துத் துண்டைத் திருப்பி எடுக்கும் எக்ஸ்ட்ராக்டர். இதில்தான் இரண்டாவது விபத்து காத்திருக்கிறது. எக்ஸ்ட்ராக்டர் கடினமான எஃகு. அது உள்ளே ஒடிந்தால் சாதாரண டிரில் பிட் அதில் ஏறாது. கார்பைடு பிட்டோ, மின்பொறியால் அரித்தெடுக்கும் இயந்திரம் உள்ள பட்டறையோதான் வழி. ஒரு நக்கிள் தூக்கி எறியும் நிலைக்குப் போவது பெரும்பாலும் முதல் முறிவால் அல்ல, அதை எடுக்கப்போய் மையம் தவறிய துளையால்.

மரை போன துளைக்குச் செருகு மரை உண்டு. ஹெலிகாயில் என்ற பெயரில் அறியப்படும் துருப்பிடிக்காத கம்பிச் சுருள் இரண்டாம் உலகப் போர்க் கால விமான எஞ்சின்களிலேயே பயன்பட்டது. துளையைச் சற்றுப் பெரிதாக்கி, அதற்குரிய டேப்பால் மரை வெட்டிச் சுருளை ஏற்றினால் உள்ளே பழைய அளவு மரை கிடைக்கிறது. தாய் உலோகத்தில் மரை இப்போது பெரிய விட்டத்தில் பிடிப்பதால் இந்தப் பழுதுவேலை மூல மரையைவிட வலுவாக இருப்பதும் உண்டு. சுருளுக்குப் பதில் திடமான உறை வடிவச் செருகிகளும் கிடைக்கின்றன. இதில் சோதிக்க முடியாத மர்மம் எதுவும் இல்லை. துளை நேராக இருக்கிறதா, சுற்றுச்சுவர் போதுமா, ஆழம் போதுமா என்பவை அளந்து பார்க்கக்கூடியவை. டார்க் ரென்ச் வைத்து இறுக்கினால் தாங்குகிறதா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

ஆனால் இங்கும் ஒரு நிபந்தனை. போல்ட் இணைப்பு பக்கவாட்டு விசையைத் தாங்குவது முக்கியமாக இறுக்க விசை உண்டாக்கும் உராய்வால். ஸ்டட்டின் உடம்பால் அல்ல. நட் தளர்ந்தால் ஸ்டட் வளையத் தொடங்கும். வளைந்து வளைந்து அயர்ச்சியில் முறியும். பெரிய டயர் போட்ட வண்டிகளில் இந்த ஸ்டட்கள் முறிவதற்கு முன் தளர்வது அனுபவத்தில் தெரிந்த வரிசை. ஒரு துளையை மட்டும் சரிசெய்துவிட்டு, பழைய மூன்று ஸ்டட்களையும் அப்படியே விடுவது அரைகுறை வேலை. நான்கையும் மாற்றி, கூம்பு அமரும் இடத்தைத் துடைத்து, ஓட்டிய பிறகு மீண்டும் இறுக்கம் பார்ப்பதுதான் இந்த முறைக்கு அதன் நற்பெயரைத் தருகிறது.

இதே செருகு மரையைப் பெட்டியின் ஹோஸ் வாய்க்குக் கொண்டுபோவது வேறு கதை. பவர் ஸ்டீயரிங் அமைப்பில் அழுத்தம் 70 முதல் 100 பார் வரை போகும். கம்பிச் சுருள் எண்ணெயை அடைப்பதற்கு உருவானதல்ல. ஓ-ரிங் அமர வேண்டிய முகமும் பழுதாகியிருந்தால் கசிவு நிச்சயம். அங்கே கூட்டை மாற்றுவதே நேரான வழி.

வார்ப்பில் கீறல் நெடுகத் துளையிட்டு, ஒன்றையொன்று கவ்வும் மரைத் துண்டுகளையும் பூட்டுகளையும் அறைந்து இணைக்கும் உலோகத் தையல் முறையும் இந்த மரபைச் சேர்ந்தது. 1930களில் டெக்சாஸ் எண்ணெய் வயல்களில், நெருப்பே கூடாத இடத்தில், அது வளர்ந்தது. தடித்த எஞ்சின் பிளாக்குக்கும் அச்சு இயந்திரத்தின் சட்டத்துக்கும் அது அருமையானது. நக்கிளின் காதுபோல் மெலிந்து வளைவு விசை ஏற்கும் இடத்தில் அதற்குப் பிடிக்கப் போதிய சுவர் இல்லை.

பெட்டியின் நான்கு காதுகளில் ஒன்று உடைந்தால் மூன்றில் மாட்டினால் போதும் என்று வாதிடுவோரும் உண்டு. மூன்று போல்ட் பெட்டிகள் தொழிற்சாலையிலிருந்தே வந்திருக்கின்றன என்பது அவர்களின் ஆதாரம். அவை மூன்றுக்கென்றே பகிர்வு கணக்கிட்டுச் செய்தவை. நான்கில் ஒன்று போன பெட்டி அதற்குச் சமமாகாது. இந்த வாதத்தை ஏற்க இடமில்லை.

சட்டகம், சுருள் நாடா, பழைய உதிரி

ஒரே ஒரு இடத்தில் எல்லாக் கட்சிகளும் ஏறக்குறைய ஒத்துப்போகின்றன. 1973 முதல் 1987 வரையான செவ்ரலே, ஜிஎம்சி நான்கு சக்கர இயக்க பிக்கப்களில் ஸ்டீயரிங் பெட்டி அமரும் சட்டகப் பகுதி கீறல் விடுவது பழகிப்போன நோய். அங்கே கீறலின் முனையில் துளையிட்டு நிறுத்தி, பற்றவைத்து, மேலே தகடு வைத்து வலுப்படுத்துவதை யாரும் பெரிதாக எதிர்ப்பதில்லை. பிக்கப் சட்டகம் பற்றவைக்க உகந்த எஃகு. கீறல் மறுபடி வளர்ந்தாலும் சட்டென விடாது, கண்ணுக்குத் தெரியும். கனரக டிரக்குகளின் வெப்பப் பதமிட்ட சட்டகத்துக்கு இந்த அனுமதி நீளாது. சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய 1,10,000 பவுண்டு தாங்கும் அந்த எஃகு சூட்டில் தன் பதத்தை இழக்கும் என்பதால் தயாரிப்பாளர்கள் அதில் வெல்டிங்கைத் தடுக்கிறார்கள்.

ஏர்பேக் உள்ள வண்டிகளில் ஸ்டீயரிங் தண்டைக் கழற்றியபின் வளையத்தைக் கட்டிவைக்காமல் விட்டால், அது சுழன்று உள்ளே இருக்கும் சுருள் நாடாவை அறுத்துவிடும். கிளாக் ஸ்பிரிங் என்று கடைகளில் கேட்கும் இந்தப் பாகத்தைப் பற்றி விவாதமே இல்லை. மாற்றத்தான் வேண்டும்.

பழைய இரும்புக் கடையில் வாங்கும் பாகம் மலிவு. தயாரிப்பாளரின் மூல வார்ப்பு என்ற தகுதியும் அதற்கு உண்டு. அது எந்த விபத்தில் அடிபட்ட வண்டியிலிருந்து வந்தது என்பது மட்டும் தெரியாது. இதற்குத் தீர்வு நூறாண்டுப் பழையது. 1920களில் வில்லியம் ஹோக் என்பவர் காந்தப் பிடியில் அரைக்கும்போது இரும்புத் தூள் கீறல்களின் மேல் திரள்வதைக் கவனித்ததிலிருந்து வளர்ந்ததே காந்தத் துகள் சோதனை. இரும்புப் பாகத்தைக் காந்தமேற்றித் துகள் தூவினால் கண்ணுக்குத் தெரியாத மேற்பரப்புக் கீறல் கோடாகத் தெரியும். எஞ்சின் பட்டறைகளில் கிராங்க் தண்டைச் சோதிக்க இது அன்றாடம் நடக்கிறது. அதே பட்டறைக்கு ஒரு நக்கிளையும் பிட்மேன் ஆர்மையும் எடுத்துச் செல்வது அரிதாகவே இருக்கிறது என்பது வருத்தத்துக்குரியது. புதுப் பாகமோ பழையதோ சரிசெய்ததோ, மேற்கண்ட எல்லா வாதங்களுக்கும் நடுவில் ஓரளவு புறநிலையான சான்று தருவது இந்தச் சோதனைதான்.

தீராமல் நிற்பவை

மரை சார்ந்த சேதத்துக்குச் செருகு மரையும் புதிய ஸ்டட்டும், ஆர்ம், லிங்க், நக்கிளின் காது ஆகியவற்றுக்கு மாற்றுப் பாகமும், பிக்கப் சட்டகத்துக்கு வெல்டிங்கும் என்று பிரித்தால் பெரும்பாலான வழக்குகள் அடங்கிவிடும். அடங்காதவை சில உண்டு.

ஒடிந்த பாகத்தைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம். ஒடியாமல் தப்பிய பாகத்தைப் பற்றிப் பேசுவது குறைவு. பிட்மேன் ஆர்மைக் கழற்றச் சம்மட்டியால் அடித்தவரின் அடி, தண்டு வழியே பெட்டிக்குள் போகிறது. உள்ளே பந்துகள் கடினப் பாதைகளில் சிறு குழிகளைப் பதித்துவிடலாம். அதனால்தான் தயாரிப்பாளர்களின் கையேடுகள் அங்கே சுத்தியலைத் தடுக்கின்றன. அந்தக் குழி வெளியே தெரியாது. வளையத்தைத் திருப்பும்போது ஒரு மெல்லிய தடங்கலாகப் பின்னால் உணரப்படலாம், உணரப்படாமலும் போகலாம். உடைந்த காதை மாற்றிய பின் பக்கத்துப் பாகங்களை எவ்வளவு தூரம் சந்தேகிக்க வேண்டும் என்பதற்கு ஏற்கப்பட்ட அளவுகோல் இல்லை.

யார் சரிபார்ப்பது என்பது அடுத்தது. வணிக வண்டிக்கு ஆண்டுச் சோதனை உண்டு. சொந்தப் பயன்பாட்டு பிக்கப்புக்கு மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு. பல மாநிலங்களில் முறையான பாதுகாப்புச் சோதனை கிடையாது. பிக்கப்கள் நிறைந்த டெக்சாஸ் மாநிலம் 2025 ஜனவரி 1 முதல் தனியார் வண்டிகளுக்கான ஆண்டுப் பாதுகாப்புச் சோதனையைக் கைவிட்டது. கூட்டாட்சிப் பாதுகாப்புத் தரங்களில் ஸ்டீயரிங் பெயரைத் தாங்கிய 203-உம் 204-உம் மோதலில் ஓட்டுநரின் மார்பைக் காப்பதைப் பற்றியவை. ஒட்டிய ஆர்ம் எத்தனை ஆயிரம் மைல் தாங்கும் என்பதைப் பற்றியவை அல்ல. பழுதுவேலையின் தரத்தை அறியும் ஒரே ஆள் அதைச் செய்தவராகவே இருக்கும் நிலை இது.

கடைசியாக, மேம்பாடே கணக்கை மாற்றிவிடுகிறது. கைப்பலப் பெட்டியில் ஓட்டுநர் திருப்பும்போது நக்கிளுக்கு வந்த விசைக்கு மனிதக் கையின் பலமே எல்லை. பவர் பெட்டி வந்தபின் பாறையில் முட்டி நிற்கும் சக்கரத்தையும் பம்பு திருப்பப் பார்க்கும். பெரிய டயரும் சக்கரத்தைத் திருப்ப உதவும் துணை ஹைட்ராலிக் சிலிண்டரும் சேர்ந்தால் விசை இன்னும் ஏறும். பழைய பாரத்துக்குப் போதுமான செருகு மரையோ ஸ்டட்டோ புதிய பாரத்துக்குப் போதுமா என்பது தனிக் கேள்வி. சரிசெய்ததை மூல பாகத்தின் வலுவோடு ஒப்பிடுவதே இதுவரை எல்லாத் தரப்பினரின் வழக்கம். மூல பாகமே அந்தப் புதிய விசைக்காக வடிவமைத்ததல்ல என்ற இடத்தில் அந்த ஒப்பீடு நின்றுவிடுகிறது; அதற்கு மாற்றான அளவுகோலை எந்தத் தரப்பும் இன்னும் முன்வைக்கவில்லை.